கிணற்றுக்கு எந்தக் கணக்குத் தலைப்பு?

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகிறவர்களுக்கு இந்த வழி தெரியும். அம்பாத்துரையில் தொடங்கி கொடைரோடு, வாடிப்பட்டி வரைக்கும் இடது கைப்பக்கம் சிறுமலை கூடவே வரும். மலையடிவாரத்தில் தேசிய நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் பல இடங்களில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே ஓடுகின்றன. சாலையில் டேங்கர் லாரி போகும், தண்டவாளத்தில் டேங்க் வேகன் போகும். இரண்டிலும் போகிற டீசல் ஒன்றுதான். லாரி கவிழ்ந்து ஒரு விவசாயியின் கிணறு கெட்டால், அவர் கலெக்டரிடம் மனு கொடுத்து நிவாரணம் கேட்க 1991ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதே டீசல் வேகனிலிருந்து கொட்டி அதே கிணறு கெட்டால் அந்தச் சட்டம் அவருக்குத் துணைக்கு வராது. இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். வெள்ளம், வறட்சி, தீ என்று நிவாரணப் பட்டியல் எழுதிய கை இது. என் அப்பா மீட்டர்கேஜ் காலத்தில் ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளத்தின் பக்கமும் கருவூலத்தின் பக்கமும் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் விட்டுப்போன இடம் ஒன்று இருப்பதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

1875ல் தென்னிந்திய ரயில்வே திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் பாதை போட்டது. 1876 தொடக்கத்தில் அது தூத்துக்குடித் துறைமுகத்தைத் தொட்டது. அன்றைக்குத் திண்டுக்கல்லின் பெயரைச் சொன்ன சரக்குகள் புகையிலையும் தோலும். சிறுமலையிலிருந்து காப்பியும் வாழைப்பழமும் இறங்கின. இன்றைய கொடைரோடு நிலையத்துக்கு அப்போது அம்மையநாயக்கனூர் என்று பெயர். கொடைக்கானல் போகிறவர்கள் அங்கே இறங்கி மாட்டுவண்டி பிடித்தார்கள். ரயிலில் வந்த ஆபத்தான சரக்கு என்றால் மண்ணெண்ணெய் டின், கல்லுடைக்கும் வெடிமருந்து, தீப்பெட்டி போன்றவைதான்.

அந்தச் சரக்குகளுக்காக 1890ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 59ஆம் பிரிவை வைத்தது. ஆபத்தான பொருளை ஏற்றச் சொல்லி யாரும் ரயில்வேயைக் கட்டாயப்படுத்த முடியாது. சொல்லாமல் கொண்டுவந்தால் அபராதம் உண்டு, சேதத்துக்கும் அவரே பொறுப்பு. 1989ல் புதிய ரயில்வே சட்டம் வந்தபோது இதே கருத்து 67, 164 ஆகிய பிரிவுகளில் இடம்பிடித்தது. நூறு ஆண்டுகளில் தண்டனை கூடியது. ஆனால் பார்வை மாறவில்லை. மூட்டைக்குள் பட்டாசை ஒளித்துக்கொண்டு ஏறும் ஆளைத்தான் சட்டம் குற்றவாளியாகப் பார்த்தது. முறைப்படி ரசீது போட்டு, ரயில்வேயே இழுத்துப் போகும் எண்ணெய், தடம்புரண்டு பக்கத்து வயலில் கொட்டினால் என்ன செய்வது என்று அது யோசிக்கவில்லை.

இதற்காக ரயில்வேக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ‘ரெட் டாரிஃப்’ என்று ஒரு விதிப்புத்தகம் உண்டு. எந்தப் பொருளை எதோடு ஏற்றக்கூடாது, எப்படிக் கட்ட வேண்டும், எண்ணெய் வேகனுக்கும் எஞ்சினுக்கும் நடுவே காவலாக எந்த வேகனைக் கோக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. என் அப்பாவின் கேங்கில் கீமேன் ஒருவர் தினமும் சுத்தியலும் ஸ்பேனரும் சிவப்புக் கொடியுமாகத் தன் பங்குத் தடத்தை நடந்தே பார்ப்பார். தளர்ந்த சாவியைத் தட்டி இறுக்குவார். பொதுமக்களின் பாதுகாப்பு என்று பெரிதாகப் பேசுகிறோமே, அதன் முதல் செலவு அந்த மனிதரின் சம்பளம்தான். அந்தச் செலவை ரயில்வே ஒழுங்காகச் செய்தது. விபத்து நடந்துவிட்டால் கோட்டத்திலிருந்து மீட்பு ரயில் கிரேனோடு வரும், மருத்துவ வண்டி வரும், பாதையைத் திறப்பார்கள். இந்த ஏற்பாடு முழுவதும் தண்டவாளத்தையும் அதன் மேல் போகிறவர்களையும் மனத்தில் வைத்துச் செய்தது. வேலிக்கு வெளியே ஓடிய எண்ணெய்க்கு அந்த மீட்பு ரயிலில் இடமில்லை.

மீட்டர்கேஜ் வேகன் சின்னது. 1990களில் எங்கள் பக்கம் பெருமளவு அகலப்பாதையாக மாறத் தொடங்கியது. இன்றைக்கு அகலப்பாதையில் ஓடும் ஒரு டேங்க் வேகன் சுமார் 70,000 லிட்டர் கொள்ளும். அப்படி ஐம்பது வேகன்களைக் கோத்தால் ஒரு ரேக். பக்கவாட்டில் ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்கும். அதில் 1202 என்றிருந்தால் டீசல், 1203 என்றிருந்தால் பெட்ரோல். பிள்ளைகளுக்கு இந்த இரண்டு எண்களையும் சொல்லிவைப்பது நல்லது. தடத்தோரத்து ஊரில் முதலில் போய்ப் பார்க்கிறவர்கள் ஆடு மேய்க்கிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான்.

இனி, கொட்டிய எண்ணெய் எங்கே போகும் என்று பாருங்கள். சிறுமலையின் மேற்குச் சரிவு ஓடைகள் ரயில் பாதையின் அடியில் சின்னச் சின்னப் பாலங்களைக் கடந்து குளங்களுக்கும் கண்மாய்களுக்கும் போகின்றன. மழைக்காலமானால் எண்ணெய் அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். மழை இல்லாத மாதமானால் மண்ணுக்குள் இறங்கும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாறைக் கிணறுகள். மேலே செம்மண், அதற்குக் கீழே சுக்கான், பிறகு வெடிப்பு விழுந்த பாறை. தண்ணீர் ஊறுவது அந்த வெடிப்பின் வழியாகத்தான். எண்ணெயும் அதே வெடிப்பில் இறங்கும். டீசல் தண்ணீரைவிட இலேசானது என்பதால் கிணற்றில் மேலே மிதக்கும். இறைத்துக் கொட்டினால் தெளிந்துவிட்டதுபோலத் தெரியும். அடுத்த மழைக்கு நீர்மட்டம் ஏறும்போது பாறையிடுக்கில் ஒட்டியிருந்தது மறுபடி வந்து சேரும். வாசனை போன பிறகும் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, மாட்டுக்குக் காட்டலாமா என்பதை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எனவே முதல் நாளே செய்ய வேண்டியவை பல. ஓடைக்குக் குறுக்கே மண்ணணை போட வேண்டும். ஜேசிபி வைத்துப் பள்ளம் தோண்டி எண்ணெயைத் தேக்க வேண்டும். தேங்கியதை உறிஞ்ச லாரி வேண்டும், தீயணைப்புக்கு நுரை வேண்டும், ஊருக்குக் குடிநீர் லாரி வேண்டும், ஊறிய மண்ணை வெட்டி அள்ள வேண்டும். இதில் ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டும். பேரிடர் நேரத்தில் தாசில்தார் கூப்பிட்டால் ஜேசிபிக்காரர் மறுபேச்சில்லாமல் வந்துவிடுவார். வேலை முடிந்த மறுநாள்தான் கேட்பார்: “சார், பில்லை யார் பேருக்குப் போடட்டும்?” வெள்ளமென்றால் அதற்குப் பதில் உண்டு. கணக்குத் தலைப்பு உண்டு, விகிதம் உண்டு, கருவூலத்தில் பட்டியல் போடலாம். ரயில் வேகனிலிருந்து கொட்டிய ரசாயனத்துக்கு என்ன பதில் சொல்வது?

இந்தக் கேள்வி நாட்டுக்கே வந்தது போபாலுக்குப் பிறகு. 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் கசிந்தது. 1985 டிசம்பரில் டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில் 1986ல் தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு, ஆபத்தான தொழில் நடத்துகிறவர் தன் மேல் தவறு இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது, முழுப் பொறுப்பும் அவருடையதே என்றது. எங்கள் திண்டுக்கல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1985 செப்டம்பர் 15ல். இந்த மாவட்டத்தின் கலெக்டர் ஆபீஸ் கோப்புகளும் இந்தச் சட்டங்களும் ஒரே காலத்தில் பிறந்தவை.

அந்த வரிசையில் வந்ததுதான் 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். ஆபத்தான பொருளைக் கையாளுகிற ஒவ்வொருவரும் கட்டாயம் காப்பீடு எடுக்க வேண்டும். விபத்து நடந்தால் யார் தவறு என்று நிரூபிக்காமலே பாதிக்கப்பட்டவர் நிவாரணம் கேட்கலாம். மனுவை வாங்குவதும், விசாரிப்பதும், தொகையைத் தீர்மானிப்பதும் கலெக்டர். உயிரிழப்புக்கு 25,000 ரூபாய், மருத்துவச் செலவுக்கு 12,500 வரை, சொத்துச் சேதத்துக்கு 6,000 வரை என்று அந்தச் சட்டத்தில் எழுதினார்கள். அந்தக் காலத்துக்கே தொகை சிறியது. ஆனால் முறை நல்ல முறை. வக்கீல் இல்லாமல், கோர்ட் படி ஏறாமல், ஒரு வெள்ளைத்தாள் மனுவோடு கலெக்டர் ஆபீஸுக்கு வரலாம். மறு ஆண்டே ஒரு திருத்தம் வந்தது. காப்பீடு எடுப்பவர்கள் பிரீமியத்துக்கு இணையான இன்னொரு தொகையைச் சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்குக் கட்ட வேண்டும் என்றார்கள். அந்த நிதியை நிர்வகிக்கும் பொறுப்பு 2008ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைட்டெட் இந்தியா இன்சூரன்ஸிடம் வந்தது. செலவாகாமல் அதில் பல நூறு கோடி ரூபாய் சேர்ந்தது.

இவ்வளவு நல்ல சட்டத்தின் இரண்டாவது பிரிவில்தான் எங்கள் கிணறு விட்டுப்போனது. கையாளுவது என்றால் தயாரிப்பது, சேமிப்பது, வாகனத்தில் கொண்டுபோவது என்று சட்டம் விளக்குகிறது. வாகனம் என்றால் ரயில் நீங்கலான எந்தத் தரைப் போக்குவரத்தும் என்கிறது. அந்த ஒரு விலக்கினால் நெடுஞ்சாலையில் போகும் லாரி சட்டத்துக்குள் வந்தது, பக்கத்தில் போகும் வேகன் வெளியே நின்றது.

ரயில்வே சட்டத்தில் இடம் தேடினால் அங்கும் பயணிதான் இருக்கிறார். 124ஆம் பிரிவு, ரயில் விபத்தில் பயணி இறந்தாலோ காயம்பட்டாலோ தவறு யாருடையது என்று பாராமல் இழப்பீடு தரச் சொல்கிறது. 2017 முதல் உயிரிழப்புக்கு அந்தத் தொகை 8 லட்சம் ரூபாய். சரக்குக்காரருக்கும் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. விபத்தைச் சரிசெய்ய ரயில்வே ஆட்கள் பக்கத்து நிலத்தில் இறங்கினால், இறங்கியதால் வந்த சேதத்துக்கு 14, 15 ஆகிய பிரிவுகளில் வழி உண்டு. மீட்புக் கிரேன் மிதித்த பயிருக்குப் பணம் கிடைக்கலாம். எண்ணெய் குடித்த கிணற்றுக்கு அந்த வரிசையில் பிரிவு எதுவும் கிடையாது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் கட்டாயம் விசாரிக்கும் விபத்தும் பயணிகள் ரயில் சம்பந்தப்பட்டதுதான்.

கிணறு கெட்டுப்போவது என்றால் என்ன என்று திண்டுக்கல்லுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு எங்கள் நிலத்தடி நீரைக் கெடுத்த கதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு வழங்கிய வேலூர் வழக்குத் தீர்ப்பு அது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திய கணக்கெடுப்பை அதில் எடுத்துச் சொன்னார்கள். குடிக்கவும் பாய்ச்சவும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டிருந்தன. மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டமே என்று நீதிமன்றம் உறுதியாகச் சொன்ன தீர்ப்பும் இதுதான். தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்து, அதைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியில் சேர்க்கச் சொன்னார்கள். இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னார்கள்.

அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் காலக்கணக்கையும் பார்க்க வேண்டும். வழக்கு, தீர்ப்பு, ஆணையம், கள ஆய்வு, உத்தரவு என்று ஆண்டுகள் போயின. கிணற்றுக்காரர் அதுவரை குடத்தோடு நடந்தார். நீதிமன்றம் கடைசியில் நியாயம் வழங்கும், முதல் நாள் குடிநீர் லாரிக்குப் பணம் கட்டாது. ரயில் கசிவுக்கும் இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ரயில்வேயையும் எண்ணெய் நிறுவனத்தையும் எதிர்மனுதாரர் ஆக்கலாம். அது நியாயத்தின் வழி. மீட்புக்கு வேறு வழி வேண்டும்.

மீட்புக்கான வழி 2005ல் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தோடு வந்தது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் பெரும்பாலான மாநிலங்களுக்கு நூற்றுக்கு 75 பங்கு மத்திய அரசு தரும், 25 பங்கு மாநிலம் போடும். எதற்குச் செலவழிக்கலாம் என்று பட்டியல் இருக்கிறது: புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியும் குளிரலையும். ரசாயனக் கசிவு இதில் இல்லை. ஆண்டு நிதியில் பத்து சதவீதம் வரை மாநிலம் தானே அறிவிக்கும் பேரிடருக்குச் செலவழிக்கலாம். வெப்ப அலையைத் தமிழ்நாடு 2024ல் அப்படி அறிவித்தது.

பட்டியலில் தீ இருப்பதைக் கவனியுங்கள். வேகன் கவிழ்ந்து டீசல் எரிந்தால் அது பேரிடர், கணக்குத் தலைப்பு கிடைத்துவிடும். எரியாமல் மெல்ல மண்ணில் இறங்கினால் கிடைக்காது. நிவாரண விதிமுறையில் வெள்ளத்தால் மணல் மேவிய நிலத்தைச் சீர்செய்ய ஹெக்டேர் கணக்கில் தொகை இருக்கிறது. எண்ணெய் ஊறிய நிலத்துக்கு வரியே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற சேதத்துக்குத்தான் நம் கருவூலம் பழகியிருக்கிறது.

2025 ஜூலை 13ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை திருவள்ளூர் அருகே அப்படி ஒரு தீ விபத்து நடந்தது. டீசல் ஏற்றிவந்த சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தது. 18 வேகன்கள் எரிந்தன. பக்கத்துக் குடியிருப்பு மக்களை வெளியேற்றினார்கள், வீடுகளிலிருந்த கேஸ் சிலிண்டர்களை அப்புறப்படுத்தினார்கள். தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் நுரையும் தண்ணீரும் அடித்தார்கள். சென்னை–அரக்கோணம் போக்குவரத்து நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. அந்த வீரர்களுக்கு நான் கை கூப்புகிறேன். ஆனால் தீ அணைந்து ரயில் ஓடத் தொடங்கியதும் செய்தியும் முடிந்துவிடக்கூடாது. ஒரு வேகனுக்கு 70,000 லிட்டர் என்ற அளவை நினைத்துப் பாருங்கள். எரிந்ததைப் போலவே எரியாமல் மண்ணுக்குள் போனதையும் பல மழைக்காலங்களுக்குப் பின்தொடர்ந்து பார்க்க ஆளும் வேண்டும், பணமும் வேண்டும்.

ரயில்வேயில் பாதுகாப்புக்குப் பணமே ஒதுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2001ல் 17,000 கோடி ரூபாயில் ரயில்வே பாதுகாப்புச் சிறப்பு நிதி அமைத்து, பயணிகளின் டிக்கெட்டில் பாதுகாப்புக் கூடுதல் கட்டணம் வசூலித்தார்கள். 2017ல் ஐந்தாண்டுக்கு ஒரு லட்சம் கோடி என்று ராஷ்ட்ரிய ரயில் சம்ரக்‌ஷா கோஷ் வந்தது. பழைய தண்டவாளத்தையும் பாலத்தையும் மாற்ற அவை தேவைதான். 2022ல் தணிக்கை அறிக்கை, அந்த நிதியின் ஒரு பகுதி பாத்திரங்களுக்கும் கால் பிடித்துவிடும் கருவிகளுக்கும் போனதாகப் பதிவுசெய்தது. அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பயணிகள் கட்டிய கட்டணத்தில் தண்டவாளத்தை மாற்றலாம் என்றால், எண்ணெய் ஏற்றுகிறவர் கட்டும் கட்டணத்தில் தண்டவாளத்தோரத்துக் கிணற்றைக் காப்பதும் முடியும்.

மற்ற நாடுகள் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டன. நம் சட்டம் ரயிலை விலக்கிய அதே 1991ல், ஜூலை 14ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டன்ஸ்மியூர் என்ற மலையூருக்கு அருகே கான்டாரா வளைவில் ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டது. ஒரே ஒரு டேங்க் வேகனிலிருந்து சுமார் 72,000 லிட்டர் மெட்டம் சோடியம் என்ற களைக்கொல்லி சேக்ரமென்டோ ஆற்றின் மேற்பகுதியில் கொட்டியது. அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஆற்றில் மீனே இல்லாமல் போனது. அந்த ரசாயனம் அன்றைக்குப் போக்குவரத்து விதிகளில் ஆபத்தான பொருளாகவே பட்டியலிடப்படவில்லை. மலையடிவாரம், வளைவு, ஓடை, ஒரு வேகன்: சிறுமலைக்காரனுக்கு இந்த நான்கும் தெரிந்த விஷயங்கள்.

கனடாவின் கதை இன்னும் கொடியது. 2013 ஜூலை 6ஆம் தேதி லாக் மெகான்டிக் ஊரில், மேட்டில் நிறுத்தியிருந்த கச்சா எண்ணெய் ரயில் தானாக உருண்டு வந்து ஊருக்குள் கவிழ்ந்தது. 47 பேர் இறந்தார்கள். ரயில் நிறுவனத்திடம் இருந்த காப்பீடு 2.5 கோடி கனடா டாலர். சுத்தம் செய்யும் செலவு அதைப்போலப் பல மடங்கு. நிறுவனம் திவாலானது, பாரம் அரசின் தலையில் விழுந்தது. அதன் பிறகு கனடா 2015ல் சட்டம் கொண்டுவந்தது. ரயிலில் போகும் கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 1.65 டாலர் என்று, ஏற்றி அனுப்புகிறவரிடமே வசூலித்து, விபத்து நிதி ஒன்றைச் சேர்த்தார்கள். நிறுவனத்தின் காப்பீடு தீர்ந்த பிறகு அந்த நிதி கைகொடுக்கும். கடலில் எண்ணெய் கொட்டினால் கப்பல் முதலாளியின் காப்பீட்டுக்கு மேல் உதவ ஒரு சர்வதேச நிதி நெடுங்காலமாக இருக்கிறது, இந்தியாவும் அதில் உறுப்பினர். கடலுக்கு இருப்பது தண்டவாளத்துக்கு இல்லை.

நம்மால் முடியாத காரியம் இல்லை. எழுதிப் பழகிய கை என்பதால் கணக்காகவே சொல்கிறேன். ஐம்பது டேங்க் வேகன் கொண்ட ஒரு டீசல் ரேக்கில் சுமார் 2,900 டன் இருக்கும். டன்னுக்குப் பத்து ரூபாய் வாங்கினால் ஒரு ரேக்குக்கு 29,000 ரூபாய். லிட்டருக்கு ஒரு பைசாகூட ஆகாது. நாடு முழுவதும் ஓடும் எண்ணெய், அமோனியா, அமில ரேக்குகளை எண்ணினால் சில ஆண்டுகளில் ஒரு நல்ல நிதி சேர்ந்துவிடும். அதை ஏற்றி அனுப்புகிற நிறுவனமே கட்ட வேண்டும், பயணியின் டிக்கெட்டில் ஏற்றக்கூடாது.

பணம் சேர்ந்தால் போதாது, முதல் நாளே அது கலெக்டரின் கையில் இருக்க வேண்டும். 1996ஆம் ஆண்டு ரசாயன விபத்து விதிகளின்படி மாவட்ட நெருக்கடிக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். பேரிடர் சட்டத்தின் 48ஆம் பிரிவு மாவட்ட அளவில் நிவாரண நிதி வைக்கச் சொல்கிறது. 50ஆம் பிரிவு அவசரத்தில் டெண்டர் இல்லாமல் பொருள் வாங்க அனுமதிக்கிறது. பொறுப்பும் அதிகாரமும் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. கூடவே, 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவிலிருந்து அந்த ரயில் விலக்கை நாடாளுமன்றம் எடுத்துவிட வேண்டும். மாநில அரசு தன் அதிகாரத்துக்குள் இருக்கும் பத்து சதவீதத்தில் ரசாயனக் கசிவையும் மாநிலப் பேரிடராக அறிவிக்கலாம். இதற்கு டெல்லி வரை போகக்கூட வேண்டாம், ஓர் அரசாணை போதும்.

தடத்தோரத்து ஊராட்சிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த கிராமசபையில் ரயில் பாதைக்கு அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் கிணறு, ஆழ்துளை, ஓடைப்பாலம், குளம் எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு ஒரு பட்டியலாக எழுதி, தண்ணீரை இப்போதே ஒரு முறை ஆய்வுக்குக் கொடுத்து, முடிவைத் தீர்மானத்தோடு கோப்பில் வையுங்கள். நாளைக்கு ஏதாவது நடந்தால் ‘இந்தத் தண்ணீர் முன்பே இப்படித்தான் இருந்தது’ என்று யாரும் சொல்ல முடியாது. எந்த நிதி எப்போது வந்தாலும், அதில் முதல் பட்டியல் போட அந்தக் காகிதம்தான் ஆதாரம்.